பன்னிரண்டு மணிக்கு ரூம் காலி

மாலத்தீவு
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? எங்கள் கிச்சனில் வேலை பார்க்கிற தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் நாளை லீவில் ஊருக்குக் கிளம்புகிறான். இதை அவன் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் பேசலாம் என்றால் "சாப்ட்டியா, சரி வை, பில்லு ஏறும்" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசினால் பில் ஏறாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், நீ நம்புவதாக இல்லை. அதனால் பேப்பரில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டு. நைனாவுக்கு மீன் பிடிக்கிற இடம் மட்டும் போதும், அவருக்குப் பொறுமை இருக்காது.

பாப்பா போன வாரம் என்னிடம், "மாமா, அங்க எல்லாரும் லீவுக்குதானே வர்றாங்க, உனக்கும் தெனம் லீவா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் வேலைக்கு நடுவே அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இந்த நாட்டில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள். ரிசார்ட் என்றால் ஒரு தீவுக்கு ஒன்று. முதல் ரிசார்ட் 1972-இல் வந்ததாம், அதற்கு முன்னால் மீனும் தேங்காயும்தான் பிழைப்பு. எங்கள் தீவைச் சுற்றி நடந்தால், காசிமேட்டிலிருந்து ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போகிற நேரம்கூட ஆகாது. இங்கே கடிகாரம்கூட விருந்தாளிக்காகத்தான் ஓடுகிறது. தலைநகர் மாலேயின் நேரம் நம் ஊரைவிட அரை மணி பின்னால். ஆனால் எங்கள் ரிசார்ட்டில் அதை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள், சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமாம். அதனால் நீ ஆறு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கும்போது எனக்கு ஆறரை. பக்கத்துத் தீவில் இருக்கிற மீனவனுக்கு ஐந்தரை. சூரியன் ஒன்றுதான், யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத் தக்கபடி மணி அடிக்கிறது.

என் சட்டையில் 'வில்லா அட்டெண்டன்ட்' என்று பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். ரூம் பாய்தான், பயப்படாதே. பெட்ஷீட் மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது, வாசலில் மணலைப் பெருக்குவது. கடற்கரையில் மணலைப் பெருக்கச் சொல்கிறார்களே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது, இப்போது பழகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன் அக்கா. வருகிறவர்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. வருகிற அன்று எல்லோரும் ஒரே மாதிரிதான்: வாயைப் பிளந்து தண்ணீரைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், ஏசி எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். கிளம்புவதற்கு முந்தின நாளில்தான் ஆள் யார் என்று தெரியும். அதுவரை பத்து மணிக்கு எழுந்தவர், அன்றைக்கு விடியற்காலை அஞ்சரைக்கே மணலில் நிற்பார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர் என் பெயரைக் கேட்பார், எந்த ஊர் என்பார், எத்தனை பிள்ளைகள் என்பார். சண்டை போடுகிறவர்களும் அன்றுதான் போடுவார்கள், பெட்டியை யார் கட்டுவது என்று. பெரும்பாலும் பெண்டாட்டி கட்டுவாள், புருஷன் கடைசியாக ஒரு குளியல் என்று ஓடிவிடுவான். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை, மாமாவிடம் சொல்லு.

முங்கிக் குளிக்கிற, அதாவது சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிற ஆட்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். விமானம் ஏறுவதற்கு முன்னால் குறைந்தது 18 மணி நேரம், எங்கள் டைவிங் ஆட்கள் கணக்கில் 24 மணி நேரம், தண்ணீருக்கடியில் போகக் கூடாது. ஆழத்தில் மூச்சு விடும்போது காற்றில் இருக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்கிவிடுமாம். அது தானாக வெளியேற நேரம் கொடுக்காமல் உயரத்தில் பறந்தால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி உள்ளே குமிழ் கிளம்பும். மூட்டுவலியில் ஆரம்பித்துக் கைகால் விழுந்துபோகிற வரைக்கும் கொண்டுவிடுமாம். அதனால் கடலுக்காகவே காசைக் கொட்டி வந்த மனுஷன், கடைசி நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பான்.

இனி நைனாவுக்கு. அப்படி உட்கார்ந்திருப்பவர்களை இங்கே சாயங்காலம் மீன் பிடிக்கக் கூட்டிப் போவார்கள். தோணி என்றுதான் இங்கேயும் பேர். ஆளுக்கு ஒரு கைத்தூண்டில், ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று வாங்குவார்கள். ஆமாம் நைனா, மீன் பிடிக்க அவர்கள் நமக்குக் காசு கொடுக்கிறார்கள்! சங்கரா மாதிரி சிவப்பாக ஒன்று மாட்டும், சில நாள் கலவாய், ஷீலா. மாட்டினதும் போடுகிற கூச்சலைக் கேட்டால் நம் ஹார்பரில் ஒரு டன் இறங்கியது போல இருக்கும். கிச்சனில் அதைப் பொரித்து அலங்காரம் பண்ணிக் கொடுப்பார்கள்.

நிஜமான மீன்பிடிப்பு வேறே. இந்த ஊர்க்காரர்கள் சூரையை வலை போட்டுப் பிடிப்பதில்லை. உயிரோடு இருக்கிற பொடி மீனை வாரி இறைத்து, தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கடலைக் கொதிக்கிற மாதிரி காட்டி, சூரைக் கூட்டம் மேலே வந்ததும் வரிசையாக நின்று கழியைப் போட்டுத் தூக்குவார்கள். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது. தூக்கின வேகத்தில் மீன் தலைக்குமேல் பறந்து பின்னால் தளத்தில் தானாகக் கழன்று விழும், கையால் தொட வேண்டியதே இல்லை. ஒரு லீவு நாளில் பக்கத்துத் தீவுப் படகில் போய்ப் பார்த்தேன். நைனா அந்த இடத்தில் நின்றிருந்தால் கரைக்கு வந்திருக்க மாட்டார். எங்கள் மெஸ்ஸில் காலை டிபனுக்கு அந்தச் சூரையை உதிர்த்துத் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து, மெல்லிசு ரொட்டியோடு கொடுக்கிறார்கள். மாஸ் ஹுனி என்பார்கள். அம்மா செய்கிற சுறாப்புட்டை அடுப்பில் ஏற்றாமலே தின்கிற மாதிரி இருக்கும். பங்களாதேஷ், கேரளா, இலங்கை, பிலிப்பைன்ஸ் என்று நாலா பக்கத்து ஆளும் இங்கே உண்டு. அந்தக் கூட்டத்தில் முதலில் தீர்கிற பாத்திரம் அதுதான்.

இப்போது பாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நம் வீட்டில் லீவு என்ற ஒன்றை நான் பார்த்தது மீன்பிடித் தடைக் காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மாமா இப்போது வீட்டில்தான் இருப்பார். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் வாரம் தூங்குவார். அப்புறம் வலையைப் பிரித்துப் போட்டு உட்காருவார். அப்புறம் உன்னோடு சண்டை. மே மாசக் கடைசியில் கையில் காசும் இருக்காது, வாயில் பேச்சும் இருக்காது. ஜூன் பிறந்ததும் பார்த்திருக்கிறாயே, முகமே மாறிவிடும். டீசல் ஏற்றுவதும், ஐஸ் ஏற்றுவதும், படகுக்குப் பூஜை போடுவதும். 14-ஆம் தேதி ராத்திரி யார் வீட்டில் தூக்கம்? நம் பக்கத்தில் லீவு முடிகிற நாள்தான் திருவிழா. இங்கே அதே நாளில் மூக்கைச் சிந்துகிறார்கள். முதல் தடவை படகுத்துறையில் ஒரு பெரிய மனுஷன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் போல என்று நினைத்துத் துக்கம் விசாரிக்கவே போய்விட்டேன். கூட இருந்த கேரளாக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்தார்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. போன மாசம் அண்ணாநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், பேரன் ஒருத்தன், கூடவே ஒரு பாட்டியம்மா. முதல் நாள் நான் டவல் வைக்கப் போனபோது பாட்டி பாத்ரூமில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னையறியாமல் "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தார்.

"நீ எந்தப் பக்கம்பா?"

"காசிமேடும்மா."

"நான் பழைய வண்ணாரப்பேட்ட. பொறந்தது வளந்தது எல்லாம். இங்க பாரு, சுத்தி இத்தினி தண்ணி கெடக்குது, மொண்டு ஊத்திக்க ஒரு பக்கெட்டு இல்ல."

உண்மைதான். அந்தப் பாத்ரூம் நம் வீட்டைவிடப் பெரிசு. மேலே வானம் தெரிகிற ஷவர், கப்பல் மாதிரி தொட்டி, எல்லாம் இருக்கிறது. பக்கெட் இல்லை. ஸ்டோரில் புதுசாக ஒரு பக்கெட் இருந்தது, மக் கிடைக்கவில்லை, கிச்சனிலிருந்து ஒரு ஸ்டீல் ஜக் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த ரூம் எனக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது. பாட்டிக்கு பஃபே சாப்பாடு பிடிக்கவில்லை. அத்தனை பாத்திரம், ஒன்றிலும் புளி இல்லை என்பார். எங்கள் மெஸ்ஸில் வைத்த ரசத்தை ஒரு நாள் டம்ளரில் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் வேறு கதை.

கடைசி நாள் காலையில் ஏழு மணிக்குப் போனால், பாட்டி புடவை கட்டி, பூ இல்லாத தலையை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மகனும் மருமகளும் கடைசி போட்டோ எடுக்கப் போயிருந்தார்கள்.

"எத்தினி மணிக்குப்பா பிளேனு?"

"மதியம் மேலதான்மா. ரூம் பன்னண்டு மணிக்குக் காலி பண்ணா போதும்."

"அவர் இருந்தா இதெல்லாம் பாத்திருப்பாரு. பெரம்பூர் மில்லுல இருந்தாரு. அவருக்குக் கெடச்ச ஒரே பெரிய லீவு மில்லை மூடுனாங்களே, அதான். அன்னிலேந்து காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, ஷிப்டுக்குப் போற மாதிரியே சட்ட போட்டுக்கினு திண்ணைல ஒக்காந்திருப்பாரு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தலையணை உறையை மாற்றிக்கொண்டே நின்றேன். அப்புறம் அவரே, "இன்னொரு வாட்டி கால நனச்சிக்கிறேன், பிடி" என்று எழுந்தார். படியில் இறங்கிக் கணுக்கால் வரை நின்றார். "நம்மூரு கடல் மாதிரி சத்தமே போட மாட்டேங்குதே, இது கடலா?" என்றார். பவளப்பாறை சுற்றி அரண் மாதிரி நிற்கிறது, அலை அங்கேயே உடைந்துவிடுகிறது என்று விளக்கினேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. போகும்போது கையில் நூறு ரூபாய் நோட்டை மடித்துத் திணித்தார். "இங்க செல்லாதுன்னு தெரியும். ஊருக்குப் போனா செலவு பண்ணு." அதை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், அம்மாவுக்கு வெற்றிலை பாக்குக்கு.

டாலரில் டிப்ஸ் கொடுப்பவர்களும் உண்டு, தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதே. சம்பளத்தைத் தவிர எங்களைக் காப்பாற்றுவது சர்வீஸ் சார்ஜ். பில்லில் 10 சதவீதம் போட்டு அதை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூட்டம், நல்லா வரும். மே பிறந்து தென்மேற்குக் காற்று ஆரம்பித்தால் மழை, ரூம் பாதி காலி, பங்கும் பாதி. பில் வருகிற கடைசி ராத்திரி விருந்தாளிக்கு இன்னொரு சோதனை. சர்வீஸ் சார்ஜுக்கு மேலே 17 சதவீத வரி, அதற்கு மேலே தலைக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி. "நான் மினிபாரில் கடலை சாப்பிடவே இல்லை" என்று ரிசப்ஷனில் வாதாடுகிறவர்களைப் பார்த்தால், நம் மார்க்கெட்டில் நெத்திலிக்குப் பேரம் பேசுகிற கூட்டம்தான் ஞாபகம் வரும். பணக்காரன் பேரம் பேச மாட்டான் என்று யார் சொன்னது?

பெட்டி கட்டும்போது மணல் வரும். பாட்டிலில் அள்ளி, துணிக்குள் சுருட்டி, சோப்பு டப்பாவில் போட்டு. சிப்பி, பவளத் துண்டு வேறு. பவளமும் ஆமை ஓடும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஏர்போர்ட்டில் பெட்டியைப் படம் பிடித்துப் பார்த்து எடுத்துவிடுவார்கள். நாங்கள் பணிவாகச் சொல்வோம், சிலர் கேட்பார்கள். மணல் விஷயத்தில் எனக்கே ஒன்று புரிந்தது. காற்று மாறினால் இந்தத் தீவின் மணல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுகிறது. ஆறு மாசம் கழித்துத் திரும்பி வருகிறது. அதுவரைகூட ரிசார்ட்காரர்களுக்குப் பொறுமை இல்லை, மெஷின் வைத்துக் கடலிலிருந்து உறிஞ்சி வில்லா வாசலில் கொட்டுவார்கள். நம் பக்கத்து மணலும் இப்படி நடந்து போகிற மணல்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தெற்கேயிருந்து வடக்கே போகும். 1870-களில் துறைமுகச் சுவரைக் கட்ட ஆரம்பித்ததும் வழி மறிக்கப்பட்டது, தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் தின்றது. நைனா வலை காயப்போட்ட மணல் இப்போது மெரினாவில் சுண்டல் விற்கிற இடத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள். நமக்கு யாரும் மெஷின் வைத்து உறிஞ்சித் தரவில்லை, லாரியில் கல்தான் வந்தது. அப்புறம் கடலுக்குள் நீட்டிக் கல்லால் கட்டுகிற தூண்டில் வளைவு. இதை விருந்தாளியிடம் சொல்ல முடியாது, அவர் லீவில் இருக்கிறார்.

கிளம்புகிற நேரம் பார்க்கவே தனி. சீப்ளேன் என்றால் பதினைந்து பேர் உட்காரலாம், தண்ணீரிலேயே இறங்கி ஏறும், பைலட் வெறுங்காலோடு ஓட்டுவார். பாப்பா நம்ப மாட்டாள், ஆனால் சத்தியம். ஆளுக்கு 20 கிலோ என்று படகுத்துறையிலேயே தராசு வைத்துப் பெட்டியை நிறுப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்கும், அதனால் நடு ராத்திரி விமானத்துக்கும் சாயங்காலத்துக்கு முன்பே கிளப்பிவிடுவார்கள். நாங்கள் வரிசையாக நின்று கையாட்ட வேண்டும், பிளேன் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும். கையாட்டுவதும் டியூட்டியில் சேர்த்தி. மறைந்த அடுத்த நிமிஷம் ஓட வேண்டும். அடுத்த குடும்பம் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும், அதற்குள் பெட்ஷீட், டவல், பாத்ரூம், பூ, பழத்தட்டு.

அவர்கள் விட்டுப் போகிற சாமான்களை நாமாக எடுக்கக் கூடாது. பாதி தீர்ந்த சன் கிரீம், காற்று ஊதின அன்னப்பறவை, ஒற்றைச் செருப்பு, எல்லாவற்றையும் எழுதிப் போட்டு ஆபீஸில் கொடுக்க வேண்டும். அவர்களாகக் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். தண்டையார்பேட்டைப் பையன் கொண்டு வருகிற பையில் நீச்சல் கண்ணாடி ஒன்று இருக்கும், மூச்சுக் குழாயோடு. ஒரு ஜெர்மன்காரம்மா பாப்பாவுக்காகக் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தது. ஹார்பர் தண்ணீரில் மட்டும் இறக்கிவிடாதே, அண்டாவில் முகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லு.

எனக்கு லீவு ஜூலையில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டில் வருஷத்துக்கு 30 நாள் சட்டப்படி உண்டு. அதில் இரண்டு நாள் உன் வீட்டில் தூங்குவேன், மூன்றாவது நாள் மாமா படகில் போவேன், அவரிடம் இப்போதே சொல்லி வை.

பணம் 20-ஆம் தேதி போட்டேன், வந்ததா என்று பாஸ்புக்கைப் போட்டுப் பார். தடைக்கால நிவாரணம் வந்தால் அதை இதோடு கலக்காதே. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எடுத்து வைத்தது போக மீதியில் வலைக்கு நூல் வாங்கு. முன்பணம் மட்டும் யாருக்கும் கொடுக்காதே, மாமாவே போய் நூலைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கட்டும். பழைய வலையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கயிறும் மிதவையும் நல்லாத்தான் இருக்கிறது.

உன் அன்புத் தம்பி